ஊருணித் தண்ணீரும் ஒரு பத்திச் செய்தியும்: வாசகர் கேள்வி – பதில்

சுற்றுச்சூழல், அறிவியல் செய்திகளை எழுதப் பழகுவது பற்றிச் செட்டிநாட்டுப் பகுதி நிருபர்களும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டார நிருபர்கள் 15 பேர் சேர்ந்து சுற்றுச்சூழல் செய்திப் பயிற்சி நடத்த இருக்கிறோம். இரண்டு நாள் மண்டபம் பிடித்து, வல்லுநர்களைப் பேச வைக்கலாம் என்று திட்டம். சரியாக வருமா?
– தாலுகா நிருபர், காரைக்குடி

மண்டபத்துக்குக் கொடுக்கிற பணத்தை வண்டி வாடகைக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கட்டணத்துக்கும் கொடுங்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பேச்சுக் கேட்டவர்கள் குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் பழையபடியே செய்தி அனுப்புவார்கள். ஒரு மாதிரியைத் தன் கையால் எடுத்து, அதன் அறிக்கையைத் தானே படித்துச் செய்தியாக்கியவருக்குத்தான் எண்களின் மேல் பயபக்தி வரும்.

இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் பத்து நாளாவது விடுங்கள். பரிசோதனை முடிவு வருவதற்குள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதுதான் இத்தகைய பயிற்சிகள் பாதியில் நிற்பதற்குக் காரணம். முதல் நாள் மாதிரி எடுப்பதற்கு, இரண்டாம் நாள் அறிக்கையை வைத்து எழுதுவதற்கு.

மும்மூன்று பேராக ஐந்து குழு. குழுவுக்கு ஒரு ஊருணி அல்லது ஒரு கைப்பம்பு. ஊருணிக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது குடிக்கிற ஊருணியா, குளிக்கிற ஊருணியா என்பது. நம் ஊர்களில் இரண்டும் வேறு வேறாக இருப்பது உங்களுக்கே தெரியும். அளவுகோலும் வேறு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும்) பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனி வரையறை இருக்கிறது: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிரிவேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளிக்கிற ஊருணியின் தண்ணீரைக் குடிநீர் அளவுகோலில் வைத்து 'நஞ்சு' என்று எழுதினால், அது முதல் வரியிலேயே பிழையான செய்தி.

ரசாயனப் பரிசோதனைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். குளிர்பான பாட்டில் வேண்டாம். சர்க்கரையும் அமிலமும் ஒட்டியிருக்கும். பாக்டீரியா பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அது கிருமி நீக்கியது, அதை அலசவே கூடாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோரினைச் செயலிழக்க வைக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டில் தருவார்கள். அது இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். அறிக்கை நன்றாக இருக்கும், தண்ணீர் அப்படி இருக்காது.

கைப்பம்பில் முதலில் வருவது குழாய்க்குள் தங்கிய தண்ணீர். சில நிமிடம் அடித்துவிட்டுப் பிடியுங்கள். ஊருணியில் படித்துறை ஓரப் பாசியை அள்ளாமல், கொஞ்சம் உள்ளே, மேல்மட்டத்துக்குக் கீழே பாட்டிலை அமிழ்த்த வேண்டும். இடம், தேதி, மணி எழுதிய சீட்டைப் பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் மூடி மாறும்போது ஊரே மாறிவிடும். பாக்டீரியா மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், தவறினாலும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் எந்தக் கிழமை மாதிரி வாங்குவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு நாளாவது ஆகும் என்பதால் வெள்ளிக்கிழமை கொண்டுபோய் நிற்பது வீண்.

இரண்டாம் நாள் அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு நெடுவரிசைகளில் தடுமாறுவார்கள். 'ஏற்கத்தக்க அளவு' ஒன்று. வேறு நீராதாரம் இல்லாதபோது 'அனுமதிக்கப்படும் அளவு' இன்னொன்று. ஃபுளோரைடுக்கு முதலாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம், இரண்டாவது 1.5. கரைந்த உப்புகளுக்கு 500, 2000. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் தளர்வே கிடையாது. எந்த வரிசையோடு ஒப்பிட்டோம் என்று செய்தியில் எழுதியே ஆக வேண்டும். 'கண்டறியப்படவில்லை' என்றால் சுழியம் என்று பொருள் இல்லை. அந்தக் கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே என்றுதான் பொருள்.

ஒரு ஊருணியில், ஒரு நாளில், ஒரு பாட்டில் எடுத்திருக்கிறீர்கள். தலைப்பும் அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். 'செட்டிநாட்டு நீர்நிலைகள் நாசம்' என்று டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்பிடும் இடத்தில், மாற்றிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆகவே பயிற்சிக்கு உதவி ஆசிரியர்களில் ஒருவரையாவது கட்டாயம் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஆர்.ஓ. (உப்பை வடிகட்டும் சுத்திகரிப்புக் கருவி) விற்பனையாளர் எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு கருவியை வைத்ததும் தண்ணீர் செம்பழுப்பாகி அழுக்குத் திரண்டது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இதைச் செய்தியாக்கலாமா?
– இல்லத்தரசி, தேவகோட்டை

ஆக்கலாம். ஆனால் செய்தி தண்ணீரைப் பற்றியதாக இருக்காது, அந்தக் கருவியைப் பற்றியதாக இருக்கும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே மின்வேதியியலைக் காட்டி மக்களை மிரட்டுகிறார்கள் என்பது மனதை உறுத்துகிறது.

அந்தக் கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது நேர்முனையில் உள்ள இரும்பு கரைந்து, தண்ணீரோடும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரிகிறது. நீங்கள் பார்த்த அழுக்கு அதுதான்; கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, இரும்பும் கரையாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். பயிற்சியில் செய்து காட்ட விரும்பினால் 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு இரும்பு ஆணியும் போதும். வீட்டு மின்சாரத்தில் செருகும் கருவியை நிருபர்கள் தொடவே வேண்டாம்.

கையடக்க டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது மின்கடத்தலை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி, உப்பின் மொத்த அளவை ஊகிக்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 600 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 0.5 இருக்கலாம், 3-ம் இருக்கலாம். பாக்டீரியா அதில் தெரியவே தெரியாது. 'மீட்டர் வைத்துப் பார்த்தோம், நல்ல தண்ணீர்' என்ற வரி எந்தச் செய்தியிலும் வரக் கூடாது.

கேள்வி: மழைச் செய்தியில் அதிகம் நடக்கும் தவறு என்ன?
– பகுதிநேர நிருபர், புதுவயல்

மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் மாறிப்போவது. 7 செ.மீ. என்பது 70 மி.மீ.; வானிலைத் துறைக் கணக்கில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. நன்றாக நனைந்துவிட்டோம் என்பதற்காகக் கனமழை என்று எழுத முடியாது. 'நேற்றைய மழை' என்பது முந்தின நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. வாசகருக்குப் புரிய ஒரு வழி: 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 200 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) இறங்கும் தண்ணீரை அண்டாவில் பிடித்த வீடுகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

கேள்வி: ஆய்வு நிலையங்களிலிருந்து வரும் செய்திக்குறிப்பை அப்படியே போடாமல் எப்படி எழுதுவது? எழுதியதை விஞ்ஞானியிடம் காட்டலாமா?
– இதழியல் மாணவி, காரைக்குடி

பேட்டரியை எடுத்துக்கொள்வோம், நம் ஊருக்குப் பொருத்தமான பொருள். 'சில நிமிடங்களில் சார்ஜ் ஆகும் புதிய பேட்டரி' என்று ஒரு குறிப்பு வருகிறது. கேளுங்கள்: சோதித்தது சட்டைப் பொத்தான் அளவுள்ள காசு வடிவ செல்லா, வண்டியில் வைக்கும் அளவா? எத்தனை முறை ஏற்றி இறக்கினார்கள், கடைசியில் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது? பெரும்பாலும் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வண்டி பேட்டரியின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வார்கள். எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள்? 25 டிகிரியில் நன்றாக ஓடியது நம் சித்திரை வெயிலில் ஓட வேண்டும். காசு வடிவ செல்லில் கிடைத்த வெற்றிக்கும் கடையில் விற்கும் பொருளுக்கும் நடுவே பல வருட வேலை இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் விஞ்ஞானிக்கும் நல்லது, வாசகருக்கும் நல்லது.

மூலக் கட்டுரையைக் கேட்டு வாங்குங்கள். சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியானதா, சரிபார்ப்புக்கு முன் இணையத்தில் ஏற்றிய முன்வரைவா என்று பாருங்கள். முன்வரைவு என்றால் அதைச் செய்தியிலேயே சொல்லுங்கள். அந்த ஆய்வில் பங்கில்லாத, அதே துறைக்காரர் ஒருவரிடமாவது கருத்துக் கேளுங்கள். அதே துறை என்பது முக்கியம். அரிமானத்தை (உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை) ஆராய்பவரிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டு 'விஞ்ஞானி கூறினார்' என்று போடுவது வாசகரை ஏமாற்றுவது. அரசு நிலையங்களில் பேசுவதற்குப் பலருக்கு மேலிட அனுமதி வேண்டும், ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.

முழுச் செய்தியைக் காட்டாதீர்கள். அது ஒப்புதல் வாங்குவதாகிவிடும். அவர் சொன்ன வாக்கியங்கள், எண்கள், அலகுகள், செயல்முறையை விளக்கும் பத்தி, இவற்றை மட்டும் போனில் படித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயச் செய்தி ஒரே மாதிரி வருகிறதே, வேறு என்னதான் எழுதுவது?
– வாசகர், திருப்பத்தூர்

கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காமல் இருப்பது எத்தனை முறை எழுதினாலும் தகும். கூடவே கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தண்ணீர் இல்லாத வருடத்தில் பறவை தங்காது. 'போன வருடத்தைவிடக் குறைவு' என்று எழுத வேண்டுமானால் அதே மாதம், அதே நேரம், அதே இடத்தில் நின்று எண்ணிய இரண்டு கணக்கு வேண்டும். ஒன்று அந்திப் பொழுதிலும் ஒன்று நண்பகலிலும் எண்ணியதாக இருந்தால், இரை தேடப் போன பறவையெல்லாம் 'குறைந்த' பறவையாகிவிடும்.

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். நிருபராக எப்படித் தயாராவது?
– நிருபர், திருமயம்

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். முதலில் விளம்பரம் வந்த தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். சுருக்கத்தோடு நிற்காமல், முழு அறிக்கையில் நீர், காற்று மாதிரிகள் எந்த மாதங்களில், எந்த ஊர்களில் எடுக்கப்பட்டன என்ற அட்டவணையைத் தேடுங்கள். பிறகு அந்த ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். அறிக்கையில் இல்லாத கண்மாய் நேரில் இருந்தால் அதுதான் உங்கள் செய்தி.

திட்ட அறிக்கையின் ஆய்வுப் பகுதியை '10 கி.மீ. சுற்றளவில்' என்று எழுதாதீர்கள். அறிக்கையில் இருப்பது ஆரம். 10 கி.மீ. ஆரம் என்றால் சுமார் 314 சதுர கிலோமீட்டர், 10 கி.மீ. சுற்றளவு என்றால் வெறும் 8 சதுர கிலோமீட்டர். எத்தனையோ கிராமங்களை ஒரு சொல்லில் தொலைத்துவிடுகிறோம்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மக்கள் சொன்ன கருத்துகளின் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்றே அதில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் குறித்து வைத்த எதிர்ப்புகள் அந்தச் சுருக்கத்தில் இருக்கின்றனவா என்று வரிக்கு வரி சரிபாருங்கள். பெரும்பாலான நிருபர்கள் மதியச் செய்திக்காகப் போய்விடும் நேரம் அதுதான். பிறகு நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.