பட்டையில் கோடு வரவில்லை, அதனால் நான் போதை ஆசாமியா?

நச்சியல் ஆய்வகத்தில் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பது என் வேலை. மது, போதைப்பொருள் பரிசோதனை முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: வேலையில் சேருமுன் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கான சோதனைப் பட்டையில் கோடு வரவில்லை, அதனால் 'பாசிட்டிவ்' என்கிறார்கள். நான் சாப்பிட்டது சளி மாத்திரை மட்டும்தான். இனி என்ன செய்வது?

முதலில் அந்த மாத்திரை அட்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பட்டையில் இருப்பது எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. அது சிறுநீரில் உள்ள போதைப்பொருளைப் பிடித்துக்கொண்டால் கோடு வராது. ஆம்ஃபெட்டமின் போன்ற உருவம் கொண்ட வேறு மூலக்கூறு வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். சளி மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரின் அப்படி ஒன்று. மன அழுத்தத்துக்குத் தரும் புப்ரோபியான், ரத்த அழுத்தத்துக்குத் தரும் லேபெட்டலால் ஆகியவையும் இதே குழப்பத்தை உண்டாக்கியிருக்கின்றன.

இந்தப் பட்டை ஒரு சல்லடை. உண்மையில் போதைப்பொருள் எடுத்தவர் தப்பிவிடக் கூடாது என்று செய்யப்பட்டது என்பதால், எடுக்காத சிலரும் மாட்டத்தான் செய்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 10 பேர் எடுத்தவர்கள். பட்டை அந்த 10 பேரையும் பிடிக்கிறது, மற்றவர்களில் 2 சதவீதம் பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 990 பேரில் சுமார் 20 பேர் மாட்டுவார்கள். ஆக, 'பாசிட்டிவ்' வந்த 30 பேரில் 20 பேர் ஒரு தவறும் செய்யாதவர்கள்.

அதனால் அதே சிறுநீர் மாதிரியை ஜி.சி.எம்.எஸ். அல்லது எல்.சி.எம்.எஸ். கருவியில் உறுதிப்படுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். இவை கலவையைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்து, உடைந்த துண்டுகளை வைத்து அது என்ன என்று சொல்பவை. அந்தச் சோதனை இல்லாமல் ஒருவரின் வேலையைப் பறிப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்.

கேள்வி: கசகசா சாப்பிட்டால் ஓபியம் எடுத்ததாகக் காட்டுமாமே?

காட்டலாம். ஓபியத்தில் இருக்கும் மார்ஃபினும் கோடீனும் கசகசா விதையில் ஒட்டிக்கொண்டு வரும். இதற்காகவே அமெரிக்காவில் 1998இல் அரசு ஊழியர் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று சொல்வதற்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். ஹெராயின் எடுத்திருந்தால் மட்டும் உடலில் உருவாகும் 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் கசகசாவிலிருந்து வராது. சந்தேகம் இருந்தால் தேட வேண்டியது அதைத்தான்.

கேள்வி: மவுத்வாஷ் கொப்பளித்த உடனே மது சோதனைக் கருவியில் ஊதினால் மாட்டிக்கொள்வோமா?

மவுத்வாஷில் உள்ள மது வாயில் மிச்சம் இருக்கும்வரை அளவு ஏகத்துக்கு ஏறிக் காட்டும், பிறகு வேகமாக இறங்கிவிடும். அதனால்தான் ஊதவைக்கும் முன் குறைந்தது 15 நிமிடம் ஆளைக் கவனிக்க வேண்டும், இரண்டு முறை ஊதவைத்து ஒப்பிட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல கருவிகள் 2100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் மதுவை 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதற்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். குடித்து நேரமாகிவிட்டால் பெரும்பாலோருக்குக் கருவி கொஞ்சம் குறைத்தே காட்டும். இப்போதுதான் குடித்து, மது ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கூட்டிக் காட்டலாம்.

கேள்வி: இரவு குடித்தது காலையில் தெரியுமா? காபி, குளியல் உதவுமா?

காபியும் குளியலும் தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரியாக மணிக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 மில்லிகிராம் குறையும். இரவு 11 மணிக்கு 150 இருந்தால் காலை 7 மணிக்கு இன்னும் 30 இருக்கும். வண்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: கஞ்சா?

தொடர்ந்து புகைத்தவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். அங்கே அளப்பது போதை தரும் பொருளை அல்ல, அது சிதைந்து உண்டாகும் கழிவை. முன்பு எப்போதோ எடுத்திருக்கிறார் என்று சொல்லலாம். விபத்து நடந்த நேரத்தில் போதையில் இருந்தார் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

கேள்வி: என் அண்ணன் இறந்து நான்கு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அவர் குடிக்க மாட்டார். அறிக்கையில் ரத்தத்தில் 40 மில்லிகிராம் மது என்று இருக்கிறது. காப்பீட்டுப் பணம் தர மறுக்கிறார்கள்.

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். உடல் அழுகும்போது பாக்டீரியாவும் ஈஸ்டும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை மதுவாக மாற்றும். இந்த 40 அப்படி வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ரத்தம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். தொடை ரத்தக்குழாயிலிருந்து எடுத்திருக்க வேண்டும். இதயத்திலிருந்து எடுத்தது அவ்வளவு நம்பகமானதல்ல, இரைப்பையிலும் கல்லீரலிலும் இருப்பது அங்கே கசிந்துவிடும். அப்புறம், குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட்டார்களா? போடாவிட்டால் ஆய்வகத்துக்கு வரும் வழியிலேயே மது உருவாகலாம். கண்ணின் உள்ளே இருக்கும் திரவத்தையும் சிறுநீரையும் சோதித்தார்களா? கிருமிகள் கண்ணுக்குள் தாமதமாகத்தான் போகும். ரத்தத்தில் மது இருந்து கண்ணில் இல்லையென்றால் அது உங்கள் அண்ணனுக்குச் சாதகமான பெரிய சான்று. மாதிரி மிச்சம் இருந்தால் எத்தில் குளுகுரோனைடு, எத்தில் சல்ஃபேட் இரண்டையும் தேடச் சொல்லுங்கள். உயிருள்ள உடல் மதுவைக் கையாளும்போது உண்டாகும் பொருள்கள் இவை. முதலாவதைச் சில கிருமிகள் அழித்துவிடும், அதனால் இரண்டும் வேண்டும். தாமதிக்காதீர்கள், மாதிரிகளை எல்லாக் காலமும் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: பெரிய கருவியில் போட்டு எடுத்த முடிவுமா தப்பாகும்?

ஆகும். இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் படிக்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. 1989இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு கைக்குழந்தை வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தது. ரத்தத்தில் எத்திலீன் கிளைக்கால், அதாவது கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தில் உள்ள விஷம், இருப்பதாக ஆய்வகம் சொன்னது. குழந்தை இறந்தது. தாய்க்கு 1991இல் ஆயுள் தண்டனை. இதற்கிடையே சிறையில் இருந்தபோது அவருக்கு இன்னொரு மகன் பிறந்தான். அவனுக்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற பிறவி நோய் இருப்பது தெரியவந்தது. அந்த நோயில் உடலிலேயே புரோபியானிக் அமிலம் சேரும். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முதல் குழந்தையின் ரத்தத்தை மறுபடி சோதித்தபோது, ஆய்வகம் விஷம் என்று சொன்னது இந்த அமிலத்தைத்தான் என்று தெரிந்தது. 1991லேயே வழக்கு கைவிடப்பட்டது.

கருவி கோளாறாகவில்லை. கருவி தரும் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடத்தில் முகடு எழும். இங்கே ஒரு முகடு ஏறக்குறைய எதிர்பார்த்த இடத்தில் வந்தது, எதிர்பார்த்ததையே பார்த்தார்கள். இரண்டாவதாக வேறொரு முறையில் சோதித்திருந்தால் ஒரு தாய் சிறைக்குப் போயிருக்க மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

கேள்வி: அறிக்கையைச் சரிபார்க்க எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

கடைசிப் பக்கத்து எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மாதிரி யார் யார் கைமாறி வந்தது என்ற பதிவு, முத்திரை உடையாமல் இருந்ததா என்ற குறிப்பு, கருவி தந்த வரைபடங்கள், அன்றைக்கு ஓட்டிய வெற்று மாதிரி (தேடும் பொருள் இல்லாதது), அளவு தெரிந்த மாதிரிகள் ஆகியவற்றின் முடிவுகள், அளவீட்டின் பிழை எல்லை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒழுங்கான ஆய்வகத்தில் இவை எல்லாம் கோப்பில் இருக்கும். தர மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.