ஏஎம்எச் 0.8 என்றால் வாய்ப்பே இல்லையா?
குடியாத்தம் சகோதரிக்கு, வயது 31, கல்யாணமாகி எட்டு மாதம், ஏஎம்எச் என்ற ஹார்மோன் ரத்தப் பரிசோதனையில் 0.8 என்று வந்ததும் 'இனி குழந்தை இல்லை' என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஏஎம்எச் காட்டுவது முட்டை எவ்வளவு மிச்சம் என்பதைத்தான், தரத்தை அல்ல. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களில், ஏஎம்எச் 0.7க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அளவு குறையும்.

மாதவிலக்கான 2 அல்லது 3ஆம் நாளில் எஃப்எஸ்எச் (முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ராடியால் (பெண்மை ஹார்மோன்) இரண்டையும் ரத்தத்தில் சேர்த்தே பாருங்கள். எஸ்ட்ராடியால் கூடியிருந்தால், கூடுதலாக இருக்க வேண்டிய எஃப்எஸ்எச்சும் நார்மல் போலக் காட்டிவிடும். அப்புறம், கணவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்ததாக நீங்கள் எழுதவே இல்லையே! வேலூர் சிஎம்சியில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, இருவருமாகப் போங்கள்.