உதகைக் குளிருக்கு ஆல் வீல் டிரைவ் காரில் குளிர்கால டயர் போட வேண்டுமா?

உதகையில் குடியிருக்கும் நீங்கள் புதிதாக ஆல் வீல் டிரைவ் கார் வாங்கியிருக்கிறீர்கள். கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கும் உங்கள் அண்ணன், எந்த வண்டியானாலும் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டாதே என்கிறார்; இங்கே டயர் கடைக்காரரோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு எந்த டயரும் போதும் என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. கோத்தகிரியில் வசித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் உதகைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கார் ஓட்டுபவன் என்ற முறையில் என் பதில் இது: அண்ணன் சொல்வது அவர் ஊருக்கு முழுக்கச் சரி, நம் மலைக்குப் பொருந்தாது, கடைக்காரர் சொல்வது எந்த ஊருக்கும் சரியில்லை.

முதலில் கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் என்பது எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு. ஈரமான ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பவும், சேற்றிலிருந்து வெளியே எடுக்கவும் அது பெரிதும் உதவும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது, ஆகவே நிறுத்துவதில் உங்கள் வண்டிக்கு எந்தக் கூடுதல் சலுகையும் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி வெளிப்பக்கம் சறுக்காமல் இருப்பதும் டயர் ரப்பருக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பைப் பொறுத்ததே. இதைவிடக் கவலை தருவது இன்னொன்று: இரு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் கார், வழுக்கும் ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நம்மை எச்சரித்துவிடும், உங்கள் கார் அந்த எச்சரிக்கையைத் தராமலேயே ஏறிவிடும், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது இறங்கும்போது பிரேக்கை மிதித்த பிறகுதான் தெரியவரும்.

அண்ணன் வாழும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும், அதன் பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளில், உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த முத்திரை, பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டுமே கிடைக்கும். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்துகள் அப்படியல்ல, சோதனை ஏதுமின்றித் தயாரிப்பாளரே அச்சிட்டுக்கொள்ளக் கூடியவை. அவற்றை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

நம் ஊரில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடப்பது உண்மைதான். ஆனால் உறைபனி புல்லிலும் வண்டிக் கூரையிலும் படிகிற அளவுக்குத் தார்ச்சாலையில் படிவதில்லை, வெயில் ஏறியதும் வெப்பநிலை 7 டிகிரியை வெகுவாகத் தாண்டிவிடும். அதே நாளில் நீங்கள் மேட்டுப்பாளையம் இறங்கினால் 30 டிகிரி வெயிலில் ஓட்ட வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் குளிர்கால டயர் மிகையாக இளகி, வேகமாகத் தேய்வதோடு பிரேக் பிடிக்கும் தூரத்தையும் கூட்டிவிடும்.

நம்மைச் சறுக்க வைப்பவை வேறு: வடகிழக்குப் பருவமழையின் ஈரம், வெயில் படாத சோலை ஓரத்து வளைவுகள், காய்கறித் தோட்டங்களிலிருந்து வண்டிகள் இழுத்து வரும் செம்மண், கற்பூர மரத்தின் நனைந்த இலைகள். ஆகவே ஈரப்பிடிப்பு நன்றாக உள்ள, தார்ச்சாலைக்கென்றே செய்யப்பட்ட டயரை வாங்குங்கள். தோற்றத்துக்காகச் சேற்று டயர் மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அகன்ற இடைவெளிகள் கொண்ட அந்தக் கட்டிப் பட்டன்களில் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, நனைந்த இறக்கத்தில் அது நிற்காது. எஸ்டேட் மண்பாதையில் அன்றாடம் போகிறவராக இருந்தால் மட்டும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஆல் டெரைன் வகையைப் பாருங்கள். பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படி மாற்றியாக வேண்டும். மலையில் ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் பள்ளம் குறையக் குறைய டயருக்கு அடியிலிருந்து நீர் வெளியேறும் வழியும் குறைகிறது.

உங்கள் வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையவையாக இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுழன்று, முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் பாகம் ஓயாமல் உராய்ந்து சூடேறும். அதைப் பழுது பார்க்கும் செலவு நான்கு டயர் விலையை எளிதில் தாண்டும். வளைவுகளில் முன்டயர்களின் ஓரம்தான் முதலில் தேயும் என்பதால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 3524 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள்.

காற்றழுத்தம் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் நண்பகலில் 33 பிஎஸ்ஐ அடைத்துக்கொண்டு உதகைக்கு வந்தால், விடியற்காலைக் குளிர் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறைக்கும். ஆனால் மலை மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் மானி ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், இரண்டும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மலையிலேயே இருக்கும் உங்களுக்கு அந்த ஈடு கிடைக்காது: மே மாதத்தில் அடைத்த காற்று, கசிவே இல்லாவிட்டாலும், ஜனவரி விடியலில் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைந்திருக்கும். எனவே குளிர்மாதங்களில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போதே அளந்து, கதவோர அட்டையில் உள்ள அளவுக்கு அடைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு கூடும் என்று வேண்டுமென்றே காற்றைக் குறைப்பது தார்ச்சாலையில் கூடாது.

ஸ்டெப்னியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அது மற்ற நான்கை விடச் சிறியதாக இருந்தால், வண்டிக் கையேடு அனுமதிக்கும் வேகத்தில் அருகிலுள்ள பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு மலை இறங்கிக் கோவை வரை செல்ல வேண்டாம்.