புத்தகப் பைத்தியம், வேலைக்கும் போகிறேன், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறேன். முதல் நாவலை எழுத என் நாளை எப்படி வகுத்துக்கொள்வது?

முதலில் வாசிப்புக்குக் கடிவாளம் போடுங்கள். எழுதாமல் இருப்பதற்கு வாசிப்பைப் போல கௌரவமான சாக்கு வேறு கிடையாது. 'இந்த ஒன்றைப் படித்துவிட்டு ஆரம்பிக்கிறேன்' என்றே பத்து வருடம் ஓடிவிடும். காலையில் எழுத்து, ராத்திரி வாசிப்பு; இந்த வரிசையை மாற்றவே கூடாது. நம்மூர் வெயிலுக்கு விடியக்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரைதான் ஒத்துவரும். பத்து மணிக்கு மேல் மச்சில் உட்கார்ந்து எழுதலாம் என்பதெல்லாம் மார்கழியில் மட்டும் நடக்கும்.

ஒரு நாளைக்கு 300 சொல் போதும். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் சுமார் ஒன்றரைப் பக்கம். வாரத்துக்கு ஐந்து நாள் எழுதினால் 1,500. அப்படியே போனால் 50,000 சொல்லை எட்டு மாதத்தில் முடிக்கலாம். டெமி அளவில் அச்சடித்தால் 230 பக்கம் சொச்சம் வரும். மிச்ச இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்யாணம், துட்டி (சாவு வீடு) என்று போய்விடும். சித்திரை முதல் ஆடி வரை கோயில் கொடை விழா வேறு. தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அது முடிகிறவரை ஒரு வரி ஓடாது. மல்லுக்கட்ட வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு வில்லுப்பாட்டுக்கோ கணியான் கூத்துக்கோ போய் உட்காருங்கள். கணியான் கூத்தின் மகுடப் பறை எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது, சாமியாடியிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைத்தால் அதுவும் நாவல் வேலைதான்.

நாவல் பெரும்பாலும் நடுவில்தான் படுக்கும். காரணம் இரண்டு. ஒன்று, முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பச் செதுக்குவது. காலையில் முந்தின நாளின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். ஒற்று விட்டுப்போயிருந்தாலும் தொடாதீர்கள். இரண்டாவது, கணக்கு இடிப்பது. நூறாம் பக்கத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் பதினோரு வயசுதான் வித்தியாசம் என்று தெரியவரும். அதோடு மூடிவைத்தவர்கள் நிறையப் பேர்.

இதற்கு ஒரு பெரிய தாள் வேண்டும். இடது ஓரத்தில் வருஷம், அதற்கு நேரே ஒவ்வொரு பாத்திரத்தின் வயசு, கடைசிக் கட்டத்தில் ஊர் நிலவரம். 1950இல் நடக்கும் கதை என்றால் கடையில் அணாக் கணக்குதான். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், தென்காசி 2019இல். 1975இல் நடக்கும் கதையில் 'தூத்துக்குடி கலெக்டர்' என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். 1990இல் நம் மாவட்டத்துக்குப் பெயரே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். வயல் வந்தால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்தையும் குழப்பாதீர்கள். சித்திரையில் பிசான நடவு நடக்காது. அதன் அறுப்பு மாசி, பங்குனி. பழைய தகவலுக்கு எச். ஆர். பேட் 1917இல் தொகுத்த திருநெல்வேலி கெசட்டியரும் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு), கால்டுவெல் பாதிரியார் 1881இல் எழுதிய மாவட்ட வரலாறும் கைகொடுக்கும். இரண்டும் ஆங்கிலம், இரண்டும் துரைமார் பார்வை. தகவலை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடுங்கள்.

வீட்டையும் இப்படியே வரைந்துகொள்ள வேண்டும். வளவு வீட்டில் ஒருவர் நுழைந்தால் தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்றுதான் கடக்க முடியும். அடுக்களையில் நிற்கிற ஆச்சிக்குத் தெருவில் வருகிறவர் முகம் தெரியாது, குரல்தான் கேட்கும். இது தெரிந்தால் காட்சி பாதி தானாக அமைந்துவிடும்.

பேச்சு வழக்கில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் 'ஏலே' போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடாது. ஏலே இளையவனுக்கும் கூட்டாளிக்கும், கடைக்காரர் அண்ணாச்சி, ஒத்த வயசு ஆம்பிளைகள் 'வாரும் வே, உமக்கு என்ன' என்று நடுவாந்தர மரியாதையில் பேசுவார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு பட்டியல் போட்டு, கடைசி வரை மாற்றாமல் வைத்திருங்கள். கோவில்பட்டிக் கரிசல் பேச்சு வேறு, உவரிக் கடற்கரைப் பேச்சு வேறு. கலந்தால் உடனே தெரியும். செல்போனில் சொல்லித் தட்டச்சு செய்தால் 'வாரேன்' பல நேரம் 'வருகிறேன்' ஆகிவிடும். உரையாடலைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

எழுதுகிற மாதங்களில் இதே மண்ணை எழுதிய நாவல்களை ஒதுக்கிவையுங்கள். இங்கே தெருவுக்கு ஒரு பெரிய ஆள் எழுதிவைத்திருக்கிறார். அவர் நடை உங்கள் பேனாவில் ஏறிவிடும். கட்டுரை, சரித்திரம், மொழிபெயர்ப்பு படிக்கலாம். தாமிரபரணியையும் அல்வாவையும் முதல் பக்கத்தில் கொண்டுவராமல் இருந்தாலே பாதிப் புண்ணியம்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகி, யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது காலும் ரகரமும் இடம் மாறிக்கிடக்கும். அதைத் திருத்தவே ஒரு மாதம் போகும். பிழை திருத்தத்துக்குப் படியெடுத்துத் தாளில் படியுங்கள். திரையில் ர, ற கண்ணுக்கு அகப்படாது.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயமும் போதும். பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். அச்சகத்தில் புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாக அடிப்பார்கள், ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம்; உங்கள் நாவல் 234 பக்கம் வந்தால் 240க்கு நிரப்புவார்கள், அல்லது எழுத்தைச் சுருக்கி 224க்குள் அடக்குவார்கள். உங்களிடமே பணம் கேட்டால் எத்தனை படி, விற்காத படி யாருக்கு, உரிமை யார் பெயரில் என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அது இலவசம்.