கையகல பாத்ரூமுக்குக் கரும்பச்சை சரிவருமா?

கேள்வி: எங்கள் ஹாலை ஒட்டி, வருகிறவர்களுக்கென்று ஒரு சின்ன பாத்ரூம் இருக்கிறது. குளிக்கிற வசதி கிடையாது, வாஷ்பேசினும் டாய்லெட்டும் மட்டும். அகலம் 1.2 மீட்டர், நீளம் 1.5 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். ஜன்னல் இல்லை. கரும்பச்சையில் பெரிய பெரிய இலை போட்ட வால்பேப்பர் ஒட்ட எனக்கு ஆசை. "இருக்கிறதே கையகலம், அதையும் இருட்டாக்காதே, வெள்ளையே அடி" என்கிறார்கள் வீட்டில். எதைச் செய்வது?

பதில்: இலையையே ஒட்டுங்கள். வெள்ளைக்கு அழகு வெளிச்சத்தில்தான். ஜன்னல் இல்லாத அறையில் வெள்ளை அடித்தால் மூலைகளில் சாம்பல் நிழல் தேங்கி, சின்ன அறை சின்ன அறையாகவே நிற்கும். அடர் நிறத்தில் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அதனால் கூரையை வெள்ளையாக விட்டுவிடாதீர்கள், வால்பேப்பரில் உள்ள பச்சையிலேயே ஒன்றை எடுத்து அங்கும் பூசுங்கள். இன்னொன்று, படுக்கையறையில் இரண்டே மாதத்தில் சலித்துவிடும் டிசைன்கூட, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருகிற இடத்தில் அவ்வளவு சீக்கிரம் சலிக்காது. குளியல் இல்லாததால் ஆவியும் இல்லை. வால்பேப்பரின் ஓரம் பிரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த ஆவிதான்.

ஆனால் வாங்கும்போது கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. வால்பேப்பர் ரோல் பெரும்பாலும் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், அதாவது சுமார் 5.3 சதுர மீட்டர். கதவைக் கழித்தால் உங்கள் சுவர் ஏறக்குறைய 13 சதுர மீட்டர். பரப்பை வைத்து வகுத்துப் பார்த்து, கடையில் மூன்று ரோல் போதும் என்பார்கள். போதாது. நீங்கள் கேட்பது பெரிய இலை. டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று வையுங்கள். பக்கத்துப் பட்டையோடு இலை பொருந்த வேண்டுமானால் 2.7 மீட்டர் சுவருக்கு ஒவ்வொரு பட்டையையும் 3.2 மீட்டராக வெட்ட வேண்டும். ஒரு ரோலில் மூன்று பட்டைதான் தேறும். நான்கு சுவரும் சேர்ந்து 5.4 மீட்டர் சுற்றளவு, அதற்குப் பதினொரு பட்டை. கதவுக்கு ஒன்றைக் கழித்தாலும் பத்து. ஆக நான்கு ரோல். நான்கையும் ஒரே நாளில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்குங்கள். உறையில் அந்த நம்பர் அச்சாகியிருக்கும். பேட்ச் மாறினால் அதே பச்சை ஒரு சாயல் தள்ளி நிற்கும். ரோலைக் கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாது, ஒட்டி முடித்ததும் இணைப்பில் கோடு போட்டது போலத் தெரியும். பிரிக்காத ரோலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஈரத்துணியால் துடைக்கக்கூடிய வினைல் வகையாகக் கேளுங்கள். பேசினுக்குப் பின்னால் மட்டும் ஒரு வரிசை டைல்ஸோ கண்ணாடியோ வையுங்கள், எந்தப் பேப்பரும் தினம் தெறிக்கும் தண்ணீரைத் தாங்காது. பின்னால் பசையோடு வருகிற ஸ்டிக்கர் வகை என்றால் சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது காயவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: மேடைமேல் கிண்ணம் போல உட்காருகிற கறுப்பு பேசின் வாங்கிவிட்டேன். ஏற்கெனவே இருக்கும் குழாயே போதும் என்கிறார் பிளம்பர். போதுமா?

பதில்: குழாயை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். என் பேசினும் கிண்ணம்தான், குழாய் பழைய குட்டைக் குழாய். நீர் கிண்ணத்தின் பின்விளிம்பிலேயே விழுந்து சுவருக்குத் தெறிக்கும். கை கழுவும்போது விரல் முட்டி பீங்கானில் இடிக்கும். கடைசியில் குழாயைக் கழற்றி உயரமானது வாங்கினேன், மேடையில் போட்ட பழைய துளையை மூடவும் தனிச் செலவு. கிண்ணத்தின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குழாயின் வாய் விளிம்புக்கு மேல் அரைச் சாண் அளவாவது நிற்க வேண்டும், நீர் நடுவில் உள்ள வடிகாலுக்கு அருகே விழ வேண்டும். இரண்டையும் கடையிலேயே ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கறுப்பு பேசினில் உப்புநீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி எடுப்பீர்களென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இன்னும் பொருத்தாமல் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அடர் நிறச் சுவருக்கு எந்த விளக்கு?

பதில்: கூரையில் ஒற்றை விளக்கு மட்டும் வேண்டாம், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோரும் தூக்கமில்லாதவர் போலத் தெரிவார்கள். கண்ணாடியின் இரு பக்கமும், முகத்தின் உயரத்தில் ஒவ்வொன்று. பெட்டியில் 2700 முதல் 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் இந்தப் பச்சை நீலம் பாய்ந்து போகும். பேசினுக்குப் பக்கத்தில் வருவதால், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 தரமுள்ளதாகவும் இருக்கட்டும். விளக்கு வாங்கிய பிறகு, வால்பேப்பரின் மாதிரித் துண்டை அந்த வெளிச்சத்தில் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். ரோலுக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.