ராத்திரி 2 மணிக்குப் புரட்டிவிடுவது யார் முறை?

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதும் கடிதங்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. மூன்று பக்கம் நோயாளியைப் பற்றியே இருக்கும். கடைசி வரியில், மறந்துபோனது திடீரென்று நினைவுக்கு வந்த மாதிரி, 'எனக்கும் கொஞ்ச நாளாத் தூக்கம் இல்லை' என்று முடியும். இந்த இதழில் அந்தக் கடைசி வரிகளையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலது கை, கால் வராது. எடை 70 கிலோவுக்கு மேல். வால் எலும்புப் பக்கம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்து, பவுடர் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டுமா? ராத்திரியும் நானேதான் எழுந்திருக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.
— மருமகள், கும்பகோணம்

முதலில் அந்தச் சிவப்பு. விரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். அந்த இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. பாரம் விழாமல் பார்த்துக்கொண்டாலே ஆறிவிடும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். நம் தோல் நிறத்தில் பல பேருக்குச் சிவப்பே சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கொப்புளம், நீர்க்கசிவு, நாற்றம், காய்ச்சல் எது வந்தாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

தேய்க்கவே கூடாது. அடியில் ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் தேய்ப்பில் இன்னும் சேதமாகும். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி மணல் மாதிரி உராயும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, காப்பாற்ற வேண்டிய இடத்துக்கு வரும் ரத்தத்தையே குறைத்துவிடும்.

ஏர் பெட் புரட்டுகிற வேலையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அதன் மோட்டாரில் உள்ள திருகு அவர் எடைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விடுங்கள். உங்கள் கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று தாங்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. அதன் மேல் ரப்பர் ஷீட், இரண்டு போர்வை, மடித்த புடவை என்று அடுக்கினால் ஏர் பெட்டுக்குக் கொடுத்த பணம் வீண். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும்.

புரட்டும்போது முழுதாக ஒருக்களிக்க வைக்காதீர்கள். மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டுவைத்து, பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய இடது பக்கம், அதாவது நல்ல பக்கம், இருக்கட்டும். வலது கையைப் பிடித்து மட்டும் தூக்கிவிடாதீர்கள். பிடிப்பில்லாத தசையில் தோள் மூட்டு இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலிதான். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். உங்கள் முட்டி மடங்கட்டும், முதுகு மடங்க வேண்டாம். 70 கிலோ ஒரு ஆள் தூக்குகிற எடை இல்லை. உங்கள் இடுப்பு விட்டுப்போவது உங்கள் பலவீனத்தால் அல்ல.

இனி ராத்திரி. சிவப்பு போய்த் தோல் நன்றாக இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரவில் மட்டும் இடைவெளியை 4 மணி நேரமாக நீட்டலாம். 10 மணி, 2 மணி, 6 மணி. பத்துக்கும் ஆறுக்கும் நீங்கள் எப்படியும் விழித்திருப்பீர்கள். இரண்டு மணி உங்கள் கணவருடைய முறை. அவருடைய அம்மா. 'காலையில வேலைக்குப் போகணும்' என்பார். உங்களுக்கும் காலையில் வேலை இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதால் அது வேலையாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 76 வயது, டிமென்ஷியா. காலையில் நன்றாகத்தான் இருக்கிறார். சாயங்காலம் 5 மணியானால் 'நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்' என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். இதுதான் வீடு என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. போன வாரம், என் மோதிரத்தைத் திருடிவிட்டாய் என்றார். கத்திவிட்டேன். அழுதார். பத்து நிமிடத்தில் அவர் மறந்துவிட்டார், எனக்குத்தான் மறக்கவில்லை.
— மகன், சென்னை

'இதுதாம்மா வீடு' என்ற வழக்கில் நீங்கள் ஜெயிக்கப்போவதே இல்லை, பத்திரத்தையே காட்டினாலும். அவர் கேட்கிற வீட்டுக்கு விலாசம் கிடையாது. பசி, அசதி, பயம், சிறுநீர் முட்டுவது எல்லாமே அந்த ஒரு வாக்கியமாக வெளியே வருகிறது. பாத்ரூம் போனாரா, மதியம் சாப்பிட்டாரா, மலம் கழித்து எத்தனை நாள், எங்கேயாவது வலியா என்று முதலில் பாருங்கள். பிறகு, 'போகலாம்மா, பால் குடிச்சிட்டுக் கிளம்பலாம். அங்க யாரெல்லாம் இருப்பாங்க?' என்று பேச்சுக்குள் நுழையுங்கள். பெரும்பாலும் பேசிக்கொண்டே பையைக் கீழே வைத்துவிடுவார்.

5 மணிக்கு வருவதை 4 மணிக்கே சந்திக்க வேண்டும். இருட்டுகிற வரை காத்திராமல் நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை மூடுங்கள். அந்தி நேரத்து நிழல் அவர் கண்ணுக்கு ஆளாகத் தெரியும். மதியத் தூக்கம் அரை மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். சீரியலை நிறுத்துங்கள், அதில் நடக்கிற சண்டை கூடத்தில் நடப்பதாகவே அவருக்குத் தோன்றலாம். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது என்று ஏதாவது கையில் கொடுங்கள். பேர் மறந்த பிறகும் கை மறப்பதில்லை. மடித்த துணியைக் கலைத்து மறுபடி கொடுத்தாலும் தப்பில்லை.

வாசல் கதவுக்கு வழக்கமான உயரத்தில் இல்லாமல் மேல் மூலையில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளே பூட்டிவிட்டுத் தனியே விட்டுப் போவது மட்டும் கூடாது. உங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதி ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். அண்மையில் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும்.

மோதிரத்துக்கு 'நான் எடுக்கலை' என்று ஆரம்பித்தால் விசாரணையாகிவிடும். 'காணோமா? வாங்க, தேடலாம்.' தலையணை உறை, அரிசி டப்பா, சாமி அலமாரி: ஒவ்வொருவருக்கும் ஒளிக்கிற இடம் என்று ஒன்றிரண்டு இருக்கும், குறித்துவையுங்கள். குப்பையைக் கொட்டுமுன் ஒரு தடவை கிளறுங்கள். நிஜ மோதிரத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே மாதிரி கவரிங்கில் இரண்டு வாங்கி வைக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடினால் அதை மறதி நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றியது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கத்தியதற்கு ஒரு தடவை கையைப் பிடித்து 'மன்னிச்சுக்கம்மா' என்றால் போதும். அடுத்த தடவை தொண்டை வரை வந்ததும், அவரை உட்காரவைத்துவிட்டு, கதவு தாழிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த அறையில் ஐந்து நிமிடம் இருங்கள்.

அப்பாவுக்கு மூக்கு வழியாக டியூப் உணவு. மிக்ஸியில் அரைத்துத்தான் ஊற்றுகிறோம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது.
— வாசகி, திருநெல்வேலி

அரைத்தால் போதாது, மெல்லிய வடிகட்டியில் வடிக்கவும் வேண்டும். கஞ்சி, அதுவும் கேழ்வரகுக் கஞ்சி, ஆற ஆறக் கெட்டியாகும். அடுப்பில் பார்த்த பதத்தை நம்பாமல், ஊற்றுகிற சமயத்தில் மோர் மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். ஊற்றுமுன் 30 மில்லி, ஊற்றியபின் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பல வீடுகளில் இரண்டாவது தண்ணீரை விட்டுவிடுவதால்தான் அடைக்கிறது. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கும்படி 15, 20 நிமிடத்தில். முடிந்தபின் ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

மாத்திரைகளை மொத்தமாகப் பொடிக்காமல் ஒவ்வொன்றாகக் கரைத்து, இடையில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், சிஆர், எக்ஸ்எல் என்றிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே சமயத்தில் இறங்கிவிடும். டாக்டர் மாற்று எழுதித் தருவார்.

அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்லத் தள்ளி, மெல்ல இழுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், டியூப் வெடிக்கும். கம்பி, சோடா எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் மூக்கு நுனியில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, அவர் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ ஊற்றாதீர்கள். கழன்று வந்ததை வீட்டில் செருகாதீர்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். மாதம் பணம் அனுப்புகிறார். தினமும் வீடியோ காலில் 'அம்மா இளைச்சுட்டாங்களே, ஒழுங்கா சாப்பாடு கொடுக்கிறியா?' என்கிறார்.
— வாசகி, மதுரை

மாதம் ஒரு தடவை கை மேல்பகுதியின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். 'இளைச்சுட்டாங்களே'வுக்கு அந்த எண்ணே பதில் சொல்லட்டும். அதே நோட்டில் செலவும் இருக்கட்டும்: நாளைக்கு 4 டயப்பர் என்றால் மாதம் 120, மருந்து, பிசியோதெரபி, ஆட்டோ. பக்கத்திலேயே உங்கள் மணிக்கணக்கையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

'கொஞ்சம் உதவி பண்ணுங்கண்ணே' என்று கேட்டால் ஆறுதல்தான் வரும். 'மே 10 முதல் 24 வரை நீங்க வந்து அம்மாவோட இருக்கணும்' என்று தேதியோடு கேளுங்கள். வர முடியாவிட்டால் அந்த 15 நாளுக்கு ஆள் போடுகிற செலவும், ஆள் தேடுகிற வேலையும் அவருடையது. மருந்து ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ் காகிதம் இதெல்லாம் துபாயிலிருந்தே செய்யக்கூடியவை. தினம் வீடியோ காலில் வருகிறார் அல்லவா, அந்த அரை மணி நேரம் அம்மாவோடு அவர் பேசட்டும். போனைத் தாங்கியில் நிறுத்திவிட்டு நீங்கள் குளிக்கப் போங்கள்.

படுக்கையில் இருக்கும் தாத்தாவை பேங்குக்குக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.
— வாசகர், சேலம்

வேண்டியதில்லை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு அறிவுறுத்தல். கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கையெழுத்து வராதவரிடம் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வாங்கலாம்; சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பென்ஷனுக்கான ஜீவன் பிரமாண் (உயிரோடு இருக்கிறார் என்ற) சான்றிதழை தபால்காரர் வீட்டுக்கு வந்தே பதிவு செய்வார்.

அப்பாவுக்குப் புற்றுநோய். ராத்திரி முழுக்க முனகுகிறார். போன வாரம், சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றிவிட்டது. பெற்ற மகள் இப்படி நினைக்கலாமா?
— ஊர் வேண்டாம்

நினைக்கலாம். ராத்திரி கண் விழிக்கிற நிறையப் பேருக்கு வருகிற நினைப்புதான், வெளியில் சொல்வதில்லை. அதற்குள் இரண்டு ஆசை இருக்கிறது: அவர் வலி முடியட்டும், என் அசதி முடியட்டும். இரண்டுக்கும் அவர் சாகாமலே வழி உண்டு.

ராத்திரி முழுக்க முனகுகிறார் என்றால் வலி மருந்து போதவில்லை. புற்றுநோய் வலிக்கு 'வலிச்சா கொடுங்க' என்ற கணக்கு உதவாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மார்பின் மாத்திரையை டாக்டர் எழுதினால் சட்டப்படியே வாங்கலாம். கூடவே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் மலம் கட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியுங்கள்.

உங்களுக்கு வேண்டியது, கதவு சாத்திய வேறொரு அறையில் வாரம் இரண்டு ராத்திரித் தூக்கம். சித்தியோ, அத்தையோ, கூலிக்கு ஒரு ஆளோ, யார் வந்தாலும் சரி. படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, அவர் மேல் கை ஓங்கிவிட்டீர்கள், மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன என்றோ நாமே போய்விடலாம் என்றோ தோன்றுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எடுத்ததும் அப்பா நோயிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'எனக்காகத்தான் கூப்பிடுறேன்' என்று ஆரம்பியுங்கள்.