தெரிந்துகொண்டே விற்றால் குற்றவாளி நீங்கள்தான்

கேள்வி: ‘999 தூய வெள்ளி, தலா ஒரு அவுன்ஸ்’ என்ற விளம்பரத்தை நம்பி, இரண்டாம் உலகப் போர் டாங்கிகள் பொறித்த ஐந்து நினைவு நாணயங்களை அப்பாவுக்காக வாங்கினேன். எட்டு மாதம் கழித்து எடை போட்டால் ஒவ்வொன்றும் 26 கிராம்தான். அதற்குள் அவற்றில் ஷெர்மன் டாங்கி பொறித்த நாணயத்தை நண்பருக்கு விற்றிருந்தேன். எனக்கு விற்றவரோ போனில் கேவலமாகப் பேசுகிறார். பாதிப் பணம் தருவாராம். வழக்குப் போடவா, மீதி நான்கையும் விற்றுவிடவா?

பதில்: அப்பாவின் ஏமாற்றம், விற்றவர் பேசிய பேச்சு இரண்டும் வழக்கில் நிற்காது. கேள்வி ஒன்றுதான்: விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது? தங்கம், வெள்ளியை எடைபோடும் ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். ஐந்து கிராம் குறைந்தால் அது விளம்பரத்தில் சொன்ன பொருளே அல்ல. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் ரசீதும் இருந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு. உரசியோ அராவியோ பார்க்காதீர்கள். கீறல் விழுந்தால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார். உலோகத்தின் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவியில் சோதித்துச் சான்று வாங்குங்கள்.

ஆனால் ஒரு சறுக்கல் நடந்துவிட்டது. 1893 பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டத்தின் வழி வந்த சட்டங்களில், பொருளை நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, உரிமையாளர் போல மற்றவருக்கு விற்றாலோ, ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எட்டு மாதம் வைத்திருந்தீர்கள், ஷெர்மனையும் விற்றீர்கள். இனி திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சுவது மதிப்பு வித்தியாசத்துக்கான நஷ்டஈடு. அதற்கு நிபுணர் சாட்சி, மாதக்கணக்கில் அலைச்சல்.

எனக்கு உண்மையில் பயம் உங்கள் கடைசி வரியைப் பார்த்துத்தான். ஏமாந்த பொருளை அடுத்தவர் தலையில் கட்டி, புகார்தாரராக வரவேண்டியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவராக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஷெர்மனை விற்றபோது உங்களுக்குத் தெரியாது. இப்போது எடை தெரியும். மீதியுள்ள டைகர், டி-34 டாங்கி நாணயங்களை ஒரு அவுன்ஸ் தூய வெள்ளி என்று சொல்லி விற்றால் அது மோசடி. ‘நானும் ஏமாந்தவன்’ என்பது தற்காப்பு ஆகாது. எனக்கு எழுதிய இந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி. விற்றே ஆகவேண்டுமென்றால் ‘எடை குறைவு, தூய வெள்ளி என்று உறுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்து, அந்த விலைக்கு விற்கலாம்.

வழக்கு வேண்டாம், சமரசமாக முடியுங்கள். ஐந்தையும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி முக்கால் பணம் கேளுங்கள். பாதிக்குக் கீழே இறங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகே நாணயங்கள் கைமாறட்டும். அதற்கு முன் நண்பரிடம் உண்மையைச் சொல்லி, அவர் பணத்தைக் கொடுத்து ஷெர்மனை வாங்கி வாருங்கள். நான்கை வைத்துக்கொண்டு ஐந்துக்குப் பேரம் பேச முடியாது.